சட்டம் எங்கே கிடைக்கும்?

சட்டம் தெரியாது என்று சொல்லி எவரும் தப்பிவிட முடியாது. இது நீதிமன்றங்கள் நெடுநாளாகக் கைக்கொண்டுவரும் விதி. ஏர் பிடிக்கும் உழவனுக்கும் இதே விதிதான், எண்ணாயிரம் புத்தகம் வைத்திருக்கும் வழக்கறிஞருக்கும் இதே விதிதான். நல்லது, ஏற்றுக்கொள்வோம். ஆனால் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறவர்கள், அந்தச் சட்டம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்ட வேண்டாமா? கதவைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டு, "ஏன் உள்ளே வரவில்லை?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

காரைக்கால் பகுதியில், நிரவி கொம்யூனைச் சேர்ந்த விழிதியூரை எடுத்துக்கொள்வோம். அங்கே ஓர் இளைஞர், தம் ஊர் நிலத்தைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ பஞ்சாயத்தைப் பற்றியோ சர்க்கார் போட்டிருக்கும் சட்டத்தைப் படித்துப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலாக அல்ல, வாக்காளராக. அவர் எங்கே போவார்? யாரைக் கேட்பார்? இந்தக் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் மக்களாட்சி என்னும் மாளிகை நிற்பதும் சாய்வதும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே என்பது நமது உறுதியான எண்ணம்.

யார் போட்ட சட்டம்?

தமிழ்நாட்டில் ஒருவர் சட்டம் தேடினால் இரண்டு வாசல்களைத் தட்டினால் பெரும்பாலும் போதும். ஒன்று டில்லி, மற்றொன்று சென்னை. காரைக்காலில் அப்படியல்ல. இங்கே நான்கு வாசல்கள்.

முதல் வாசல் பாரிஸ். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண் இது. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆனால் சட்டப்படி இந்த மண் இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்டு 16 அன்றுதான். பிரெஞ்சுச் சட்டங்களில் பெரும்பாலானவை பின்னர் விலகின. ஆனால் அடியோடு போய்விடவில்லை. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் குல வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்தோருக்குத் திருமணமும் வாரிசுரிமையும் இன்றைக்கும் அந்தச் சட்டத்தின்படிதான் என்பதைக் காரைக்காலுக்கு வெளியே எத்தனை பேர் அறிவர்?

இரண்டாவது வாசல் டில்லி. 1963ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஆணையும் 1968ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தியச் சட்டங்கள் பலவற்றைப் புதுவைக்கு நீட்டித்தன. மூன்றாவது வாசல், 1963 முதல் இயங்கும் புதுவைச் சட்டமன்றம். நான்காவது வாசல்தான் வேடிக்கையானது. அது சென்னை. புதுவைச் சட்டமன்றம் சென்னைச் சட்டத்தை அப்படியே எடுத்துத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்ட கதை உண்டு. அதைக் கட்டாயம் சொல்லவேண்டும்.

1965இல் புதுவைச் சட்டமன்றம் ஒரு விற்பனை வரிச் சட்டம் போட்டது. என்ன செய்தது? சென்னையின் 1959ஆம் ஆண்டு விற்பனை வரிச் சட்டம், புதுவைச் சட்டம் நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்னால் எந்த உருவத்தில் இருக்கிறதோ, அந்த உருவத்தில் இங்கே செல்லும் என்று எழுதி வைத்தது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 1966 ஏப்ரல் முதல் நாள். இடைப்பட்ட மாதங்களில் சென்னைச் சட்டமன்றம் தன் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தமும் சேர்ந்து புதுவைக்கு வந்து இறங்கிற்று! புதுவை உறுப்பினர்கள் பார்க்காத, படிக்காத, விவாதிக்காத வாசகம் புதுவை மக்களின் தலையில் வரியாக விழுந்தது. வணிகர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1967இல் உச்சநீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது என்ன? சட்டமன்றம் தன் பொறுப்பையே அடுத்த சட்டமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டது, ஆகவே அந்தச் சட்டம் செல்லாது என்றது. 'ஷாமராவ் வழக்கு' என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு அது.

சட்டம் போட்டவர்களே படிக்காத சட்டம் செல்லாது என்றால், சட்டத்துக்குக் கட்டுப்படுகிறவர்கள் படிக்கவே வழியில்லாத சட்டத்தை என்னவென்று சொல்வது?

எல்லையில் நின்ற சட்டங்கள்

"எந்தச் சட்டமாயிருந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதானே!" என்பாரும் உண்டு. ஒன்றல்ல, தோழர்களே! காரைக்காலின் எந்த மூலையிலிருந்தும் சிறிது தூரம் போனால் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். ஒரே காவிரி, ஒரே வண்டல், ஒரே நெல். ஆனால் சட்டம் அந்த எல்லைக் கல்லைக் கண்டதும் நின்றுவிடும். மூன்று சான்றுகள் சொல்வோம்.

1952இல் தஞ்சை மாவட்டக் குத்தகைதாரருக்கும் பண்ணையாளுக்கும் பாதுகாப்புத் தரும் சட்டம் சென்னையில் பிறந்தது. அன்று காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில். வரப்புக்கு அந்தப் பக்கம் நின்ற பண்ணையாளுக்குக் கிடைத்த பாதுகாப்பு, இந்தப் பக்கம் நின்றவனுக்குக் கிடைக்கவில்லை.

2020இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் செய்தது. புதிதாக எண்ணெய், எரிவாயு தோண்டுவதற்கு அந்த மண்டலத்தில் தடை. முன்னரே நடந்துவரும் வேலைகளை அது தொடவில்லை. அந்தச் சட்டமும் எல்லைக் கல்லருகே நின்றுவிடுகிறது. காவிரிப் படுகை எண்ணெய்ப் பணிகளின் தலைமை அலுவலகம் இருப்பதோ இதே நிரவியில்! ஆதரிப்பவர் ஆதரிக்கட்டும், எதிர்ப்பவர் எதிர்க்கட்டும். ஆனால் எந்தச் சட்டம் தம் வயலைக் காக்கிறது, எந்தச் சட்டம் காக்கவில்லை என்று தெரியாமலே இரு தரப்பாரும் பேசிக்கொண்டிருக்கலாமா?

மூன்றாவது சான்றுதான் நம் நெஞ்சைச் சுடுவது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொதுநூலகத்துக்கென்று ஒரு மாநிலம் சட்டம் இயற்றியது சென்னையில், 1948இல். சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கி, மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைத்து, ஊருக்கு ஊர் நூலகம் திறக்க வகைசெய்த சட்டம். அதற்காகப் பல்லாண்டு பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். காரைக்காலிலிருந்து புதுவைக்குப் போகும் வழியில்தான் சீர்காழி. அந்தச் சட்டமும் அன்று பிரெஞ்சு எல்லையைத் தாண்டி இங்கே வரவில்லை.

எங்கெங்கே இருக்கிறது?

சரி, குறை மட்டும் சொல்லி நிறுத்துவது நம் வழக்கமல்ல. விழிதியூர் இளைஞருக்கு வழி சொல்வோம்.

முதலில் சட்டத்தின் பெயர், எண், ஆண்டு மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். காட்டாக, 1973ஆம் ஆண்டுப் புதுவை கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம். புதுவையில் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006இல்! முப்பத்தெட்டு ஆண்டு ஏன் நடக்கவில்லை என்று கேட்க விரும்புகிறவர், தேர்தலைப் பற்றி அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுக் கேட்டால், அந்தக் கேள்விக்குக் கூர்மை வரும்.

சட்டம் மட்டும் போதாது. அதற்கு முன்னால் மசோதா உண்டு. மசோதாவோடு அதன் நோக்கத்தையும் காரணத்தையும் சொல்லும் குறிப்பு உண்டு. மன்றத்தில் நடந்த விவாதம் உண்டு. பின்னால் விதிகள் உண்டு, திருத்தங்கள் உண்டு, தீர்ப்புகள் உண்டு. சட்டம் எலும்பு என்றால் விதிகள் தசை. எலும்பை மட்டும் பார்த்து ஆளை அடையாளம் காண முடியாது.

மத்தியச் சட்டங்களும் மாநிலச் சட்டங்கள் பலவும் இன்று 'இந்தியா கோடு' என்னும் சர்க்கார் இணையதளத்தில் காசின்றிக் கிடைக்கின்றன. மத்திய அரசிதழ் 2015 முதல் மின்னிதழாகவே வெளிவருகிறது. பழைய நூல்களுக்குப் புதுவையில் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. 1827இல் தொடங்கிய நூலகம் அது. பிரெஞ்சுப் பேரறிஞரின் நூற்றாண்டான 1966இல் அவர் பெயரைப் பெற்றது. தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை ஒன்றும் புதுவையில் உண்டு. சென்னைக்குப் போனால் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் பெற உரிமை உள்ள நான்கு நூலகங்களில் அது ஒன்று. 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கிறது.

பிரெஞ்சுக் காலத்து ஏடுகள்? ஒப்பந்தத்திலேயே பாகம் பிரித்துவிட்டார்கள். வரலாற்று மதிப்புள்ளவை பிரான்சுக்கு, நிர்வாகத்துக்குத் தேவையானவை இந்தியாவுக்கு. பிரான்சின் பங்கைப் பார்க்க விரும்புகிறவர் கடல் கடந்து எக்ஸ் நகரத்து ஆவணக் காப்பகம் வரை போகவேண்டும். நல்லவேளை, பிரெஞ்சிந்தியாவின் ஆண்டு நூல்கள் பலவற்றைப் பாரிசின் தேசிய நூலகம் தன் இணையதளத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. காரைக்கால் பாட்டனாரின் கதையைக் காரைக்கால் பேரன் பாரிசின் தயவில் படிக்கிறான்!

இவை எதிலும் கிடைக்காததற்கு இன்னொரு வழி, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் தவணை. ஏட்டை நேரில் பார்வையிடும் உரிமையும் அதில் உண்டு. பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறோம். கேட்காமலே வெளியிட வேண்டியவை என்று அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. பொதுமக்களுக்காக அலுவலகம் நூலகமோ படிப்பறையோ நடத்தினால், அது திறந்திருக்கும் நேரத்தையும் அறிவிக்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆக, சர்க்கார் அலுவலகத்தோடு ஒரு படிப்பறை இருக்கலாம் என்பது நம் கற்பனை அல்ல, நாடாளுமன்றமே நினைத்துப் பார்த்ததுதான்.

எந்த மொழியில்?

ஏடு கிடைத்தாலும் எழுத்து புரியவேண்டுமே! காவிரி நடுவர் மன்றம் 2007இல் இறுதித் தீர்ப்பு தந்தது. காரைக்கால் பாசனத்துக்காகப் புதுவைக்கு 7 டி.எம்.சி. 2018இல் உச்சநீதிமன்றமும் அதை மாற்றவில்லை. ஐந்து தொகுதிகள், அத்தனையும் ஆங்கிலம். எந்தத் தண்ணீருக்காக ஓர் உழவன் வாய்க்கால் கரையில் காத்து நிற்கிறானோ, அந்தத் தண்ணீரின் கணக்கை அவனால் வாசிக்க முடியாது.

1965ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் புதுவையில் தமிழுக்கு அரியணை தந்தது, ஆங்கிலத்துக்கும் இடம் வைத்தது. அரியணையில் தமிழ், அலமாரியில் ஆங்கிலம் என்பதுதான் பல இடங்களில் நடைமுறை. கேட்டால் கிடைக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 2020இல் மத்திய சர்க்கார் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது, ஆங்கிலத்திலும் இந்தியிலும்! வழக்குப் போயிற்று. அட்டவணை மொழிகள் அனைத்திலும் மொழிபெயர்த்து வெளியிடுக என்று டில்லி உயர்நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30 அன்று ஆணையிட்டது. மக்களிடம் கருத்துக் கேட்பது உண்மையானால் மக்கள் மொழியில் கேட்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது!

நாம் கேட்பது

சட்டமன்ற உறுப்பினருக்கு நூலகம் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினருக்கு நூலகமும் உண்டு, கேட்ட குறிப்பை எடுத்துத்தர ஆட்களும் உண்டு. வேண்டியதுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அவர்களை அனுப்பிவைத்தவனுக்கு? அமெரிக்காவில் சர்க்கார் வெளியீடுகளை நாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நூலகங்களுக்கு இலவசமாகத் தருகிறார்கள். எவரும் போய்ப் படிக்கலாம். அங்கே முடிவது இங்கே முடியாதா?

பெரிய கட்டடம் கேட்கவில்லை. 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இந்தக் காவிரிப் படுகையில் நடந்த காரியம் அது. மாட்டுவண்டியால் முடிந்தது, மின்சாரமும் இணையமும் வந்த காலத்தில் முடியாது என்றால் நம்புவார் யார்?

நாம் கேட்பவை நான்கு. ஒவ்வொரு கொம்யூனிலும் உள்ள சர்க்கார் நூலகத்தில் ஓர் அலமாரி, சட்டத்துக்கென்று. அதில் காரைக்காலுக்குச் செல்லுபடியாகும் சட்டங்களும் விதிகளும், புதுவை அரசிதழும், வரவுசெலவுத் திட்டமும், சட்டமன்ற விவாதங்களும். முக்கியமானவற்றுக்குத் தமிழ்ச் சுருக்கம். தேடித் தரப் பயிற்சி பெற்ற ஒரு நூலகர். மசோதாக்களின் வரைவை முப்பது நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்று மத்திய சர்க்காரே 2014இல் முடிவுசெய்ததே, அந்த வரைவு வைக்கப்படும் இடமும் இந்த அலமாரியாகவே இருக்கட்டும்.

இளைஞர்களுக்கும் ஒன்று சொல்வோம். அலமாரி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் படிப்பகத்தில் மாதம் ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும், சந்தேகங்களைத் தாளில் எழுதி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மேடையில் முழங்குகிறவனுக்கு அதிகாரிகள் அஞ்சுவதில்லை. சட்டத்தின் பிரிவையும் எண்ணையும் சொல்லிக் கேட்கிறவனுக்குப் பதில் எழுதாமல் இருக்க அவர்களால் முடியாது.

சட்டம் தெரியாது என்று நாம் சொல்லக்கூடாது என்றால், சட்டம் இங்கே இல்லை என்று சர்க்காரும் சொல்லக்கூடாது.