பூட்டை மாற்றினால் பிரச்சினை தீருமா?

(வீட்டு வாடகை குறித்த தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வாரம் வீட்டு வாடகையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும் இரண்டு வகையான தொலைபேசி அழைப்புகள் வந்தன. "வாடகைக்கு இருப்பவர் பணமும் கொடுக்க மாட்டேன் என்கிறார், வீட்டையும் விட மாட்டேன் என்கிறார்" என்பது முதல் வகை. "வீட்டுக்காரர் தண்ணீரை அடைத்துவிட்டார், டெபாசிட்டைத் திருப்பித் தர மறுக்கிறார்" என்பது இரண்டாவது வகை. இரு தரப்பினரும் கடைசியில் கேட்ட கேள்வி ஒன்றுதான். சட்டம் யார் பக்கம்?

இந்தக் கேள்வியோடுதான் வழக்கறிஞர் ஒருவரையும் வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் சிலரையும் அரங்கத்திற்கு அழைத்தோம். அவர்களில் இருவர் சொன்னதை முதலில் பகிர்ந்து கொள்கிறேன்.

இரண்டு கண்ணீர்க் கதைகள்

கிள்ளானிலிருந்து வந்த அம்மா ஒருவர் கணவரை இழந்தவர். கணவரின் ஊழியர் சேமநிதிப் பணத்தை முன்பணமாகப் போட்டு வாங்கிய இணைவீடு ஒன்றுதான் அவருக்கு இருக்கும் சொத்து. அதில் வரும் வாடகையைக் கொண்டுதான் வங்கித் தவணையைக் கட்டுகிறார். ஐந்து மாதங்களாக வாடகை வரவில்லை. தொலைபேசியில் அழைத்தால் எடுப்பதில்லை. "தவணையை நான் கட்டாவிட்டால் வங்கி என் வீட்டை ஏலத்தில் விட்டுவிடும். அவருக்கு ஏதும் ஆகாது. நான் என்ன பாவம் செய்தேன்?" என்று அவர் கேட்டபோது அரங்கமே அமைதியானது. பூட்டை மாற்றிவிடலாம் என்று மகன் சொல்லிக் கொண்டிருக்கிறாராம்.

அவருக்கு எதிர் வரிசையில் லோரி ஓட்டுநர் ஒருவர் அமர்ந்திருந்தார். மூன்று பிள்ளைகளின் தந்தை. விபத்தில் கால் முறிந்து வேலைக்குப் போக முடியாததால் இரண்டு மாத வாடகை பாக்கியானது. ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது வாசல் கேட்டில் புதிய பூட்டு தொங்கியது. பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, புத்தகப்பை, பிறப்புப் பத்திரம் எல்லாமே வீட்டுக்குள். அன்றிரவு குடும்பத்தோடு மைத்துனர் வீட்டு வரவேற்பறையில் படுத்திருக்கிறார்கள்.

இரண்டையும் கேட்ட பிறகு ஒருவர் நல்லவர், மற்றவர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தப் பூட்டு விஷயத்தில் சட்டம் மிகத் தெளிவாக இருக்கிறது.

பூட்டும் சட்டமும்

1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு சொல்வது இதுதான். வாடகை ஒப்பந்தம் முடிந்துவிட்டாலும், குடியிருப்பவர் தொடர்ந்து அந்த வீட்டில் இருந்தால், நீதிமன்ற நடவடிக்கையின் மூலமே தவிர வேறு வழியில் உரிமையாளர் வீட்டை மீட்கக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தவருக்கே இந்தப் பாதுகாப்பு என்றால் ஒப்பந்தக் காலத்தில் இருப்பவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வீடு என் பெயரில் இருக்கிறது, பூட்டு என்னுடையது என்பது இங்கே எடுபடாது. பூட்டை மாற்றினால் ஐந்து மாத வாடகையை இழந்த உரிமையாளரே இழப்பீடு கொடுக்க வேண்டிய பிரதிவாதியாக நிற்க நேரிடலாம். பொருள்களைத் தூக்கி வெளியில் வைப்பதும், வெளியேற்றுவதற்காகத் தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவதும் இதே ஆபத்தில்தான் கொண்டுபோய் விடும்.

"அப்படியென்றால் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா?" என்று அந்த அம்மா கேட்டார். வேண்டியதில்லை என்று கூறி வழக்கறிஞர் மூன்று வழிகளை விளக்கினார்.

முதலாவது, 1951ஆம் ஆண்டு வாடகைப் பாக்கிப் பறிமுதல் சட்டம். உரிமையாளர் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து ஆணை பெற்றால், நீதிமன்ற அதிகாரியே வந்து வாடகைதாரரின் அசையும் பொருள்களைப் பறிமுதல் செய்வார். விண்ணப்பத் தேதிக்கு முந்திய 12 மாதங்களுக்கு உட்பட்ட பாக்கிக்குத்தான் இது பொருந்தும். ஆகவே இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்துவிட்டுப் பிறகு ஓடக் கூடாது. குடும்பத்திற்கு அவசியமான உடை, படுக்கை போன்றவற்றைத் தொடச் சட்டம் அனுமதிக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வீட்டை மீட்கும் வழக்கு. எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, ஒப்பந்தத்தை முறையாக முடித்து, நீதிமன்றத் தீர்ப்பைப் பெற வேண்டும். இதற்குக் காலமும் செலவும் பிடிக்கும் என்பது உண்மை. அதனால்தான் பலர் பூட்டை நாடுகிறார்கள்.

மூன்றாவது, பலருக்குத் தெரியாத ஒன்று. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28(4) பிரிவின்படி, ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீட்டை ஒப்படைக்காமல் இருப்பவரிடம், ஒப்படைக்கும் நாள் வரை இரட்டிப்பு வாடகையை உரிமையாளர் கோரலாம்.

வீட்டைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும் என்று நினைக்கும் வாடகைதாரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 7(2) பிரிவு வாடகை கொடுக்காமல் இருக்க யாருக்கும் உரிமை கொடுக்கவில்லை. பாக்கி ஒவ்வொரு மாதமும் கடனாக ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

"அந்தக் காலத்தில் சட்டம் இருந்ததே?"

பினாங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இப்படிக் கேட்டார். அவர் சொன்னது சரிதான். 1948ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்திற்கு முன் கட்டப்பட்ட பழைய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், ஜோர்ஜ்டவுன் கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் வாழ்ந்தவர்கள் பலர். அந்தச் சட்டம் 1997இல் ரத்து செய்யப்பட்டது. 1999ஆம் ஆண்டு இறுதியோடு இடைக்கால அவகாசமும் முடிந்தது. அதன் பிறகு வாடகை உயர்ந்ததால் பழைய குடும்பங்கள் பல நகரை விட்டு வெளியேறின.

இன்று தனியார் வீட்டுக்கு வாடகை உச்சவரம்பு இல்லை. குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே எவ்வளவு வாடகை, எவ்வளவு டெபாசிட், யார் எதைப் பழுது பார்ப்பது என்பதையெல்லாம் தீர்மானிப்பது நீங்கள் கையொப்பமிடும் ஒப்பந்தம்தான். வேறு விதமாகச் சொன்னால், அந்தத் தாள்தான் உங்கள் சட்டம்.

என் சொந்த அனுபவம்

பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்த காலத்தில் நாங்கள் நான்கு மாணவிகள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். மாதம் 700 ரிங்கிட். இரண்டு மாத டெபாசிட் 1,400 ரிங்கிட்டை ரொக்கமாகக் கொடுத்தோம். "நம்ம ஆளுங்கதானே, எதுக்கும்மா பேப்பர்?" என்றார் வீட்டுக்காரர். எங்களுக்கும் அது பெருந்தன்மையாகத் தெரிந்தது. படிப்பு முடிந்து வெளியேறியபோது சுவரில் கறை, கதவில் கீறல், திரைச்சீலை போச்சு என்று கணக்குச் சொல்லி ஒரு காசுகூடத் திரும்பி வரவில்லை. நாங்கள் குடிவந்தபோதே அந்தக் கீறல் இருந்தது. ஆனால் அதை நிரூபிக்க எங்களிடம் ஒரு புகைப்படம் இல்லை. பணம் கொடுத்ததை நிரூபிக்க ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

நம் நாட்டில் வழக்கமாக இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்திற்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று கேட்கிறார்கள். 1,000 ரிங்கிட் வாடகை வீட்டுக்கு 3,500 ரிங்கிட் தேவை. நடுத்தரக் குடும்பத்திற்கு அது சிறிய தொகை அல்ல. அது திரும்பி வராமல் போனால் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கக் கையில் பணமிருக்காது.

இப்படி ஏமாந்தவர்களுக்கு ஒரு வழி உண்டு. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறுகோரல் பிரிவில் தனிநபரே தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. படிவம் 198ஐ நிரப்பிக் கொடுத்தால் போதும். சிறு தொகை வாடகைப் பாக்கிக்காக உரிமையாளரும் இதை நாடலாம். ஆனால் அங்கேயும் நீதிபதி முதலில் கேட்பது ஆதாரத்தைத்தான்.

வெளியே சொல்லாத வேதனை

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். வீடு காலி என்ற விளம்பரத்தைப் பார்த்து அழைத்தால், "நீங்கள் எந்த இனம்?" என்ற கேள்வி வருகிறது. இந்தியர் என்றதும் "வீடு போய்விட்டது" என்கிறார்கள். சம்பளச் சீட்டைப் பார்க்கக்கூட அவர்கள் தயாராக இல்லை. அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு சமத்துவத்தைப் பேசினாலும், அது அரசாங்கத்தையும் பொது அதிகாரிகளையும் கட்டுப்படுத்துமே தவிர தனியாரை அல்ல என்பது 2005ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் சாரம். தனி வாடகைச் சட்டம் ஏன் தேவை என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். அதே வேளையில், வீடு வைத்திருக்கும் நம்மவர்களும் வாசலில் வருபவரின் இனத்தையும் சாதியையும் பார்க்காமல், தகுதியைப் பார்க்கிறோமா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாவி கைமாறும் முன்

அரங்கத்தில் பேசியவற்றிலிருந்து இரு தரப்புக்கும் பயன்படும் சிலவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

1. உறவினராக இருந்தாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். கையொப்பமிட்ட 30 நாள்களுக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்துங்கள். 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின்படி முத்திரையிடாத பத்திரத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. தாமதமானால் அபராதத்தோடு செலுத்தலாம்.

2. சாவி வாங்கும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து ஒவ்வோர் அறையையும் படமெடுங்கள். பழுதுகளைப் பட்டியலிட்டு இருவரும் கையொப்பமிடுங்கள்.

3. பணத்தை வங்கி வழியாகச் செலுத்துங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

4. மின்சாரக் கணக்கை வாடகைதாரர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாத உரிமையாளர் பலர் பிறகு பாக்கியைத் தாங்களே கட்டியிருக்கிறார்கள்.

5. அடுக்குமாடி வீடாக இருந்தால் பராமரிப்புக் கட்டணம் பாக்கி உள்ளதா என்று கேளுங்கள். அதைக் கட்ட வேண்டியவர் உரிமையாளர். அவர் கட்டாவிட்டால் நிர்வாகம் நுழைவு அட்டையை முடக்கலாம். வாடகையை ஒழுங்காகக் கொடுத்தும் நீங்கள் வாசலில் நிற்க நேரிடும்.

6. வாடகை கேட்பவர்தான் வீட்டின் சொந்தக்காரரா என்று உறுதிப்படுத்துங்கள். மக்கள் வீடமைப்புத் திட்ட வீட்டை அரசாங்கத்திடம் குறைந்த வாடகைக்குப் பெற்று, அதை வேறொருவருக்கு உள்வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள். சோதனை நடக்கும் நாளில் வெளியேற்றப்படுவது உள்ளே இருக்கும் குடும்பம்தான்.

7. பூட்டப்பட்டு வெளியே நிற்க நேர்ந்தால் பூட்டை உடைக்காதீர்கள். போலீஸ் புகார் செய்து, அதன் நகலோடு வழக்கறிஞரையோ சட்ட உதவி மையத்தையோ அணுகுங்கள்.

நிகழ்ச்சி முடிந்து விளக்குகளை அணைக்கும் நேரத்தில் அந்த லோரி ஓட்டுநர் ஊன்றுகோலோடு எழுந்து கிள்ளான் அம்மாவிடம் போனார். "அம்மா, எனக்கு நடந்தது தப்புதான். ஆனா நானும் ஒரு தப்பு செஞ்சேன். காசு இல்லைன்னு சொல்ல வெட்கப்பட்டு வீட்டுக்காரர் போனை எடுக்கவே இல்லை. உங்க வீட்டுல இருக்கிறவரை ஒரு தடவை நேர்ல போய்ப் பாருங்கம்மா. அப்புறம் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்க" என்றார்.

அந்த அம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார். "முதல்ல போய்ப் பேசுவோம். அதுக்குமேல கோர்ட்டு. பூட்டு வேண்டாம்யா" என்றார்.

நேயர்களே, வீட்டை வாடகைக்கு விட்டிருந்தாலும் சரி, வாடகைக்கு இருந்தாலும் சரி, இன்றே உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து ஒரு முறை படித்துப் பாருங்கள். ஒப்பந்தமே இல்லை என்றால் இந்த வார இறுதியிலேயே இருவரும் உட்கார்ந்து எழுதிவிடுங்கள். உறவு நன்றாக இருக்கும்போது எழுதுவது எளிது.