கருட தியானமும் பச்சிலையும்

சிவஞான சித்தியார் சுபக்கம் ஒன்பதாஞ் சூத்திரத்தில், ஆன்மா சிவத்தோடு வேறின்றி நின்று பாவிக்க மலங்கள் அகலுமாற்றை விளக்கப் புகுந்த அருணந்தி சிவாசாரியர், கருட தியானத்தால் விடம் ஒழிதலை உவமையாக எடுத்தோதினர். பாம்பு தீண்டப்பெற்றானை எதிரே கிடத்தி, மாந்திரிகன் தன்னைக் கருடனாகப் பாவித்து நோக்க, விடம் இறங்கும் என்பது ஆசிரியர் வாழ்ந்த 13ஆம் நூற்றாண்டில் உலகறிந்த வழக்கு. சித்தாந்தங் கற்பார் எல்லார்க்கும் இவ்வுவமை பழகியதே. ஆயினும் இதன்கண் இரண்டு வினாக்கள் எழும். மந்திரத்தால் விடம் உள்ளபடியே இறங்குமோ என்பது ஒன்று. இறங்காதாயின், அதனால் விளக்கப்பட்ட சிவோகம் பாவனையும் உடன் வீழுமோ என்பது மற்றொன்று. முன்னது உயிரைப் பற்றிய வினா. பின்னது கொள்கையைப் பற்றியது. பாம்புகடிக்கு மந்திரித்தலை மெய்யன்பர் சிலர் இவ்வுவமையைச் சான்றாகக் காட்டி ஆதரிப்பதும், புதுக்கல்வியாளர் சிலர் அதே உவமையைக் காட்டிச் சாத்திரத்தையே இகழ்வதும் உண்டாதலின், இவ்விரண்டற்கும் விடை காணவேண்டும். அதற்கு, நாட்டு வழக்கில் மந்திரமும் மருந்தும் எவ்வாறு பிணைந்து கிடக்கின்றன என்பதை முதற்கண் ஆராய்தல் முறை.

இப்பிணைப்பு மிகப் பழையது. போரிற் புண்பட்ட வீரனைக் காக்கும் மகளிர் செயல்களைப் புறநானூற்று 281ஆம் பாட்டு ஒருங்கே தொகுத்துக் கூறும். மனையில் இரவந்தழையும் வேப்பந்தழையும் செருகுதல், யாழும் பிற இயங்களும் ஒலிப்பித்தல், மை இழுகுதல், ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகு தூவுதல், ஆம்பற்குழல் ஊதுதல், மணி அடித்தல், காஞ்சிப்பண் பாடுதல், நறும்புகை எடுத்தல் என்பன அவை. இவற்றுள் எது மருந்து, எது பேய்க்காப்பு என்று அம்மகளிரை வினவின், அவர் வினாவையே விளங்கிக்கொள்ளார். அவர்க்கு எல்லாம் ஒரு செயலே. நெடுநல்வாடையில் அரண்மனைக் கதவுக்கு நெய்யோடு ஐயவி அப்பப்பட்டதும் இக்காப்பு நோக்கியே.

எனினும், ஐயுறவும் அக்காலத்தேயே இருந்தது. தலைவியின் மெலிவு கண்ட தாய், அது முருகணங்கென்று மயங்கி வேலனை அழைத்து வெறியாட்டெடுப்ப, நோயின் காரணத்தை உள்ளவாறறிந்த தலைவியும் தோழியும் உள்ளே நகுதலை அகப்பாட்டுக்கள் பலவற்றுட் காணலாம். வேலன் கையிலுள்ள தழைக்கும் கழங்குக்கும் புலவர் குறைகூறினாரல்லர். நோயினை அறியாது செய்யும் சடங்கையே நகையாடினர். நோய் நாடாமலே மருந்தும் மந்திரமும் செய்தல் பயனின்று என்னும் தெளிவு அப்பாட்டுக்களில் உள்ளது.

இனி, மூலிகை எடுக்கும் முறையைக் காண்போம். மந்திர நூல்களிலும் நாட்டு வைத்தியர் வாய்மொழியிலும் இது பெரிதும் ஒத்துவரும். மூலிகை சாபமுடையது, சாபநிவர்த்தி செய்யாது பறித்தால் பலியாது என்பர். ஆகவே, குறித்த நாளில் நீராடி, செடியை அணுகி, மஞ்சள் தோய்த்த நூலைக் காப்பாகக் கட்டி, தூபமிட்டு, படையலிட்டு, மந்திரம் உருவேற்றி, ஆணிவேர் அறாமல் அகழ்ந்தெடுப்பர். வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருடணம், பேதனம், வித்துவேடணம், மாரணம் என்னும் அட்டகருமங்களுக்கும் தனித்தனியே மூலிகைகள் வகுக்கப்பட்டுள்ளன. பிறரை மயக்கவும் கெடுக்கவும் தேடும் அவ்வேர்களைப் பற்றி ஈண்டு விரித்தல் வேண்டா. காமிய கருமங்களுள்ளும் கடைப்பட்டன அவை; சிவநெறி நிற்பார்க்கு அவற்றோடு வழக்கில்லை. ஆனால், நோய் தீர்க்கும் மூலிகைக்குச் செய்யும் சடங்கு அங்ஙனம் தள்ளற்பாலதன்று. காப்புக் கட்டுவோன் செடியை நின்று நோக்கி உறுதிசெய்கின்றானாதலின், ஒன்றுபோல் மற்றொன்று தோன்றும் பச்சிலைகளுள் பிழைபட எடுக்கும் இடர் குறையும். நாளும் பொழுதும் வரையறுத்தலால், கண்டவர் கண்டபோதெல்லாம் வேரோடு பறித்துச் செடியினத்தை அழித்தலும் குறையும். இவை சடங்கின் நற்பயன்கள். இச்சடங்கினாலேயே இலைக்கு நோய்தீர்க்கும் ஆற்றல் வந்தது என்பதற்கு இவை சான்றாகா.

ஆற்றல் எங்கிருந்து வந்தது? தருக்க நூலார் இதனைத் தீயை வைத்து ஆராய்ந்தனர். மணி, மந்திரம், மருந்து என்னும் மூன்றனுள் ஒன்று அருகிருப்பின் தீச் சுடாது என்பது அவர் எடுத்துக்கொண்ட வழக்கு. தீ அங்கேயே இருப்பவும் சுடாமையின், சுடும் சத்தி தீயின் வேறாய் அதன்கண் உளதென்று மீமாஞ்சகர் கூறினர். தடையின்மையும் காரணங்களுள் ஒன்றென்றாற் போதும், வேறு சத்தி வேண்டா என்று நையாயிகர் மறுத்தனர். சத்திக்கும் சத்தியுடைய பொருட்கும் தாதான்மியங் கொள்ளும் சித்தாந்திக்கு, மருந்தின் சத்தி மருந்தின் இயல்பேயாம். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என வகுத்துணர்ந்தோர், இலையும், அனுபானமும் பத்தியமும், வைத்தியன் அறிவும் தத்தம் இடத்தில் நின்றே பயன் தரும் என்பதை எளிதில் உணர்வர். நிறைமொழி மாந்தர் ஆணையிற் பிறப்பது மந்திரம் என்பது தொல்காப்பியர் கருத்து. அவ்வாணை ஓதுவார்க்கும் கேட்பார்க்கும் உள்ளத்தை ஒருவழிப்படுத்தும். இலையில் இல்லாத குணத்தை அது இலைக்கு ஏற்றும் என்று கொள்ளுதல், மணலிலிருந்து எண்ணெய் எடுக்கப் புகுவதனோடொக்கும். இல்லது தோன்றாது என்னும் சற்காரியவாதமே சித்தாந்தத்திற்கு உடன்பாடு.

இவ்வளவையால் சில மூலிகைகளை நோக்குக. அம்மை கண்ட வீட்டில் வாயிலில் வேப்பிலை செருகி, நோயாளியை வேப்பிலைப் படுக்கையிற் கிடத்தி, அம்மன் வந்திருக்கிறாள் என்று பிறர் வருகையைத் தடுத்தல் தமிழ்நாட்டு வழக்கு. வேம்பு புண்ணின் தினவை ஆற்றும். வாயிற்றழை, உள்ளே தொற்றுநோய் உண்டென்று அயலார்க்கு அறிவிக்கும். இரண்டும் நன்றே. ஆயினும் பெரியம்மையை வேம்பு தீர்த்ததில்லை. 1796இல் ஜென்னர் கண்ட அம்மைக்குத்தலே பரவி, இந்தியாவில் 1975இல் அந்நோயின் கடைசி நிகழ்ச்சியோடு முடிவு கண்டது. 1980இல் உலகினின்றே அது ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பது ஊர்தோறும் உள்ளது. சிலர் இலையை அரைத்துக் கொடுப்பர். சிலர் மந்திரித்தும் கொடுப்பர். காமாலைகளுள் ஒருவகை, உணவும் நீரும் வழியாகத் தொற்றுவது. பெரும்பாலார்க்குச் சில வாரங்களில் தானே தணிவது. அதற்கு எதைக் கொடுத்தாலும் கொடுத்தது பலித்ததாகவே தோன்றும். மற்றொரு வகை குருதி வழித் தொற்றி, ஈரலிற் பல்லாண்டு தங்கிக் கேடு சூழ்வது. இதன்மேற் கீழாநெல்லியைச் சோதித்து, உண்டவருட் பாதிக்கு மேற்பட்டார்க்கு நோயின் அடையாளம் குருதியினின்று நீங்கிற்றென்று சென்னை ஆராய்ச்சியாளர் 1988இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். பின்னர்ப் பிற நாடுகளில் செய்த சோதனைகளில் அப்பயன் காணப்பட்டிலது. நம்மவர் கண்டது என்பதற்காகப் பின்னவற்றை மறைத்தலும், பின்னவை மறுத்தன என்பதற்காக இலையை எள்ளி நகைத்தலும் ஆராய்ச்சிக்கு அடாது.

எள்ளி நகைப்பார்க்குச் சர்ப்பகந்தாவின் வரலாறு தக்க விடையாகும். பாம்பின் பெயரைத் தாங்கிய அவ்வேர், பாம்புகடிக்கும் பித்துக்கும் நாட்டு வைத்தியர் கையில் நெடுங்காலம் வழங்கிற்று. பாம்புகடிக்கு அது மாற்றாகவில்லை. ஆனால், சித்தப்பிரமைக்கும் மிகுந்த குருதியழுத்தத்திற்கும் அது பயன்படுவதை 1931இல் சென், போஸ் என்னும் வங்க மருத்துவர் இருவர் எடுத்துரைத்தனர். 1949இல் பம்பாய் மருத்துவர் வகீல் குருதியழுத்த நோயாளிகளிடத்துத் தாம் கண்டதை ஆங்கில மருத்துவ இதழில் வெளியிட்ட பின்னரே மேனாடு விழித்தது. 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரினின்று ரெசர்பின் என்னும் சத்துப் பிரித்தெடுக்கப்பட்டு, உலகெங்கும் மருந்தாயிற்று. ஒரே வேரைப் பற்றி நாட்டு வழக்குக் கூறிய இரண்டனுள் ஒன்று பொய்யாகவும் ஒன்று மெய்யாகவும் முடிந்தமை காண்க. வழக்கு முழுதும் மெய், வழக்கு முழுதும் பொய் என்னும் இருவர் கட்சியும் இவ்வொரு வேரினாலேயே கெடும்.

இனிப் பாம்புகடி. தீண்டப்பெற்றவனுக்குச் சிறியாநங்கை இலையை மெல்லக் கொடுத்து, கசப்புத் தோன்றாவிடின் விடம் ஏறிற்றென்றும், தோன்றின் இறங்கிற்றென்றும் குறிகாண்பர்; வேப்பிலையால் தடவி மந்திரிப்பர். இவற்றாற் பிழைத்தவர் பலரென்று கூறுவதும் பொய்யன்று. அஃதெங்ஙனமெனின், இந்நாட்டிலுள்ள ஏறக்குறைய 300 வகைப் பாம்புகளுள் விடமுடையன 60 அளவே. விடமுடையனவும் தீண்டும்போதெல்லாம் விடத்தைச் செலுத்துவனவல்ல. ஆகவே, தீண்டப்பெற்றாருட் பலர் மந்திரியாதிருந்தாலும் பிழைப்பர். அவர் பிழைப்பு மந்திரத்தின் கணக்கில் எழுதப்படுகின்றது. இறந்தோர் கணக்கு அவரவர் ஊழின்மேல் எழுதப்படுகின்றது. இக்கணக்கு முறையே பிழையின் வேர்.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கும் உயிர்க்கொலைக்குப் பெரிதும் காரணமாவன. 2000 முதல் 2019 வரை இந்தியாவிற் பாம்புகடியால் இறந்தோர் ஏறக்குறைய 12 இலட்சம் என்றும், ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 என்றும் 2020இல் வெளிவந்த ஆராய்ச்சி கணக்கிட்டது. இவ்விடத்தை முறிக்கும் மருந்து பச்சிலையினின்று வந்ததன்று. பாம்பின் விடத்தினின்றே வந்தது. விடத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்ற, அதன் குருதியில் எதிர்ப்பொருள் தோன்றும். அதனைத் தெளித்தெடுத்து ஊசிவழிச் செலுத்துவர். 1895இல் பிரெஞ்சு மருத்துவர் கால்மெட் இம்முறையைக் காட்டினார். மேற்கூறிய நான்கனுக்கும் ஒருங்கே செய்யப்படும் மருந்துக்கு வேண்டும் விடத்தைச் செங்கற்பட்டைச் சார்ந்த வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுத்துவருகின்றனர். பாம்பின் இயல்பைத் தலைமுறையாக அறிந்த வனவாசிகளின் அறிவு இங்கே மருந்துக்கு வாயிலாயிற்று. தீண்டிய இடத்தைக் கீறுதலும், உறிஞ்சுதலும், இறுகக் கட்டுதலும் தீங்காம். அவ்வுறுப்பை அசையாது வைத்து, விரைந்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லலே செயற்பாலது. அங்ஙனம் செல்லும் வழியில் உற்றார் திருவைந்தெழுத்தை ஓதுதற்கு யாதொரு தடையுமில்லை. மந்திரிப்பான் வருமளவும் காத்திருத்தலே உயிர்க்கு உலை.

அற்றேல், நாவுக்கரசர் அப்பூதியடிகள் மைந்தனையும், சம்பந்தர் திருமருகலில் வணிகனையும் பதிகத்தால் விடந்தீர்த்து எழுப்பியது என்னையெனின், அவை திருவருட் செயல். கற்றுக்கொண்டு செய்யும் மாந்திரிக வித்தை அல்ல. இவ்வேறுபாட்டைச் சேக்கிழாரே தெளிவுறக் காட்டினர். நாவரசரின் சூலைக்குச் சமணர் நீரை மந்திரித்துக் குடிப்பித்ததும், பீலியால் தடவியதும் பயன்படாமையை அவர் கூறினர். பாண்டியன் வெப்புநோய்க்கும் அவ்வாறே. மந்திரித்தலும் தடவுதலும் தோற்ற இடத்தன்றோ திருவருள் விளங்கிற்று? அவ்வடியவர் வரலாற்றைக் காட்டி மந்திரித்தலை நிலைநாட்டப் புகுவார், சேக்கிழார் வாக்குக்கு மாறாகின்றனர். அன்றியும், மருத்துவன் சில நோயை அறுத்தும் கீறியும், சில நோயைக் கட்டியும் பாலும் கொடுத்தும் தீர்த்தல்போல, இறைவன் இன்பதுன்பங்களை ஊட்டி வினையறுப்பன் என்று சித்தியார் இரண்டாஞ் சூத்திரம் கூறும். இறைவன் செயலுக்கு மருத்துவன் செயலை உவமையாகக் கொண்டவர் மருத்துவத்தை விலக்கினாரென்றல் பொருந்தாது.

இனி எஞ்சியது கொள்கை பற்றிய வினா. கருட தியானத்தால் விடம் இறங்குதல் உலகில் மெய்ப்படாதாயின், எடுத்துக்காட்டுப் போலியாய்ச் சிவோகம் பாவனையும் கெடுமன்றோ எனின், கெடாது. அனுமானத்தின் உறுப்பாக வரும் எடுத்துக்காட்டு வேறு. விளங்காததனை விளங்கியதால் உணர்த்த வரும் உவமை வேறு. முன்னது பொய்யாயின் சாதனையும் பொய்யாகும். பின்னதற்கு, கேட்போர் உள்ளத்தில் அப்பொருள் வழங்குதலே போதும். முயற்கோடு வேண்டுமாயினும் இன்மைக்கு உவமையாதல் காண்க. பாவனையால் மலம் நீங்குதல் சிவாகமப் பிரமாணத்தாலும், ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினாலும் நிறுவப்பட்டது, கருடனால் நிறுவப்பட்டதன்று. சார்ந்ததன் வண்ணமாதலுக்கோ படிகமும் கண்ணும் உவமையாய் நூல்களில் நிற்கின்றன. அவற்றுக்கு யாதோர் ஊனமுமில்லை.

கருட உவமைக்கே உரிய பயன் ஒன்றுண்டு, அதனை விட்டுவிடலாகாது. மாந்திரிகன் தன்னைக் கருடனாகப் பாவித்தாலும் அவன் கருடனாகிவிடுவதில்லை. சிறகு முளைத்தலும் இல்லை. அவ்வாறே சிவோகம் பாவனை செய்யும் ஆன்மாவும் சிவமேயாகிவிடுவதில்லை. சிவத்தின் வேறறநின்று மலம் நீங்கப்பெறும். இப்பாவனையை ஏகான்மவாதியின் கூற்றோடு ஒன்றென மயங்காமைக்கே ஆசிரியர் இவ்வுவமையைத் தேர்ந்தார் எனலாம். விடம் இறங்குமோ இறங்காதோ என்பது இப்பயனைத் தீண்டாது.