ஒரகடத்து மனைப்பிரிவுகளும் பஞ்சமி நிலமும்: பட்டாவுக்கு முந்தைய பதிவேடு சொல்வது என்ன?

சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையின் இருபுறமும் மனை விற்பனைப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. ‘வில்லங்கம் இல்லாத மனை’, ‘உடனடிப் பட்டா’, ‘வங்கிக் கடன் வசதி’ என்பவை அவற்றின் வாசகங்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு ஏரிப் பாசன வயலும் மேய்ச்சல் மேடுமாக இருந்த நிலம் இன்று சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. மனையாக மாறும் முன்பு அது யாருடைய நிலம் என்பதைப் பலகைகள் சொல்வதில்லை. அதில் எவ்வளவு பஞ்சமி நிலம் என்பதையும் அவை சொல்வதில்லை.

இந்தக் கேள்வியை இந்தத் தொழில்வழித்தடத்தில் எழுப்புவதற்குத் தனிக் காரணம் உண்டு. பஞ்சமி நிலம் என்னும் ஏற்பாடே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் பிறந்தது. இன்று தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் எழும் மண்ணைப் பார்த்து எழுதப்பட்ட அறிக்கையிலிருந்தே அது தொடங்கியது.

1891: ஓர் அறிக்கையும் அதன் பின்னணியும்

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் வாழ்நிலை குறித்து 1891இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் மையத்தில் இருந்தது மிராசு முறை. ஊரின் தரிசு நிலத்தை வேண்டி ஒடுக்கப்பட்டவர் தர்க்காஸ்து மனு கொடுத்தால், மிராசுதார் குறுக்கே வந்து முதல் உரிமை தனக்கே என்று கேட்க முடிந்தது. பயிரிடும் நிலம் மட்டுமன்று, சேரியின் குடிசை நின்ற மண்ணும் மிராசுதாரின் பிடியிலேயே இருந்தது. கூலியைப் பற்றிப் பேசினால் குடியிருப்பை இழக்க நேரிடும். நிலமின்மையே கொத்தடிமை முறையைத் தாங்கி நின்றது என்பதுதான் அந்த அறிக்கை காட்டிய உண்மை.

இதை ஓர் ஆங்கிலேய அதிகாரியின் கருணையாக மட்டும் வாசிப்பது பிழை. அதே காலத்தில் அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் தத்தம் சபைகளின் வழியே உரிமைக் கோரிக்கைகளை அரசின் முன் வைத்துக்கொண்டிருந்தனர். 1892 செப்டம்பர் 30 அன்று வெளியான அரசாணை, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தரிசு நிலங்களை ஒப்படை செய்ய வழிவகுத்தது. பின்னர் சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. வருவாய்ப் பதிவேடுகளில் இந்நிலங்கள் ‘டி.சி. நிலம்’ என்ற குறிப்பைத் தாங்கின.

இந்த ஒப்படை நிபந்தனையுடன் கூடியது. முதல் 10 ஆண்டுகளுக்கு நிலத்தை யாருக்கும் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்கு மட்டுமே மாற்றிக் கொடுக்கலாம். மீறினால் அந்த மாற்றம் செல்லாது. இழப்பீடு இன்றி அரசு நிலத்தைத் திரும்ப எடுத்து, அதே மக்களுக்கு மீண்டும் வழங்கலாம். வருவாய் நிலையாணைகளில் இடம்பெற்ற இந்த நிபந்தனைகளே இன்றைய மீட்புப் போராட்டங்களின் சட்ட அடித்தளம்.

நிலம் கைமாறிய வழிகள்

நிபந்தனை இவ்வளவு தெளிவாக இருந்தும் நிலம் எப்படிப் போயிற்று? ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1925இல் ஒரு குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் ஒப்படை செய்யப்படுகிறது. ஒரு பஞ்ச காலத்தில் வாங்கிய சிறு கடனுக்காக வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்கப்படுகிறது. கடன் கொடுத்தவர் பயிரிடத் தொடங்குகிறார். சில ஆண்டுகளில் அடங்கலில் அவர் பெயர் ஏறுகிறது. 1980களில் நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். திட்டத்தின்போது, அனுபவத்தில் இருப்பவர் என்ற பெயரில் அவருக்கே பட்டா கிடைக்கிறது. பழைய ‘அ’ பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் இருந்த ‘டி.சி.’ என்ற இரண்டெழுத்து புதிய பதிவேட்டுக்கு வந்து சேரவில்லை. பிறகு ஒரு பொது அதிகாரப் பத்திரம், ஒரு கிரயம், ஒரு மனைப்பிரிவு வரைபடம். முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. பிழை அதற்கும் முந்தைய காகிதத்தில் இருக்கிறது.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியதும், 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறக்கப்பட்டதும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை இயங்கத் தொடங்கியதும் இந்தக் காகிதங்களின் விலையைப் பன்மடங்காக்கின. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. அதே ஆண்டு பரந்தூர் விமான நிலையமும் அறிவிக்கப்பட்டது. ஒவ்வோர் அறிவிப்பும் நிலத்தைப் பட்டா வைத்திருப்பவருக்கு வருவாய். பட்டா பறிபோனவருக்கு, மீட்பின் செலவும் தூரமும் கூடுவதே அதன் பொருள்.

பதிவுத் துறையின் கதவும் முழுமையாக மூடப்படவில்லை. 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு, அரசு நிலம், கோயில் நிலம், பூதான நிலம், வக்பு நிலம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் காத்தது. ‘பஞ்சமி’ என்ற சொல் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஒரு சர்வே எண்ணில் நடக்கும் பதிவைத் தடுக்க, அது பஞ்சமி நிலம் என்பதை யாராவது முதலில் நிறுவ வேண்டியிருக்கிறது. நிறுவும் சுமை இழந்தவரின் தோளில்தான் விழுகிறது.

கையகப்படுத்தும்போது இழப்பீடு யாருக்கு?

தமிழ்நாட்டில் தொழிற்பூங்காக்களுக்கான நிலம் பெரும்பாலும் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் கீழ் எடுக்கப்படுகிறது. 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. மாநில அரசு 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 1997 சட்டத்துக்கு அதிலிருந்து விலக்குப் பெற்றது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லாது என்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றி அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சமூகத் தாக்க மதிப்பீடு போயிற்று. இழப்பீடும் மறுவாழ்வும் மட்டும் மத்தியச் சட்டத்தின் அட்டவணைகளைப் பின்பற்ற வேண்டும் என்ற நிலை எஞ்சியது.

இந்த எஞ்சிய பகுதியை நாம் கூர்ந்து வாசிக்க வேண்டும். மத்தியச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எந்தத் திட்டமானாலும் நிலம் இழக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எடுக்கப்பட்ட அளவுக்கு ஈடான நிலம் அல்லது இரண்டரை ஏக்கர், இவற்றில் எது குறைவோ அதைத் தர வேண்டும் என்கிறது. அதாவது பணம் மட்டும் போதாது, நிலத்துக்கு நிலம் வேண்டும். 41(9) பிரிவோ, சட்டவிதிகளை மீறிப் பட்டியல் சாதியினரின் நிலம் கைமாறியிருந்தால் அந்த மாற்றம் செல்லாது என்றும், அத்தகைய நிலம் கையகப்படுத்தப்படும்போது மறுவாழ்வுப் பலன்கள் அசல் உரிமையாளருக்கே சேர வேண்டும் என்றும் கூறுகிறது. விலக்குப் பெற்ற 1997 சட்டத்துக்கு 41(9) நேரடியாகப் பொருந்தாது என்று அரசுத் தரப்பு வாதிடக்கூடும். ஆயினும் மறுவாழ்வு அட்டவணையை ஏற்றுக்கொண்ட அரசு, ‘நிலம் இழந்தவர் யார்’ என்ற கேள்விக்கு விடை தேடாமல் அதை நிறைவேற்ற முடியாது என்பதே நம் எதிர்வாதம். விசாரணையின்போதே அசல் ஒப்படைதாரரின் வாரிசுகள் எழுத்து மூலம் உரிமை கோரினால்தான் இந்த வாதத்துக்கு இடம் உண்டு. தீர்வம் பிறப்பிக்கப்பட்ட பிறகு வழி மிகவும் குறுகிவிடும்.

அண்டை மாநிலங்கள் செய்தது

கர்நாடகம் 1978இல் தனிச் சட்டம் இயற்றி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வழங்கப்பட்ட நிலங்களை நிபந்தனை மீறி வாங்கியது செல்லாது என்று அறிவித்தது. 1984இல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் அரசமைப்புக்கு உட்பட்டதே என்றது. நிபந்தனை மீறி வாங்கியவருக்கு முழு உரிமை என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை என்பது அதன் சாரம். 1995இல் சந்தேவரப்பா வழக்கில், நீண்ட கால அனுபவத்தைக் காட்டி எதிரிடை உரிமை கோரியதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. பொருளாதார நீதி என்னும் அரசமைப்பு நோக்கத்தோடு அந்த நிலம் இணைத்துப் பார்க்கப்பட்டது. ஆந்திரம் 1977இலேயே ஒப்படை நிலங்களின் மாற்றத்தைத் தடை செய்தது.

கர்நாடக அனுபவத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நியாயமான காலத்துக்குள் வழக்குத் தொடரவில்லை என்ற காரணத்தால் பிற்காலத்தில் பல மீட்பு மனுக்கள் தோற்றன. அதனால் 2023இல் கால வரம்பை அகற்றி அம்மாநிலம் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் பஞ்சமி நிலத்துக்கென இப்படியொரு தனிச் சட்டமே இல்லை. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மீது காவல் துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் கொல்லப்பட்டனர். அதன் பின் எத்தனையோ அறிவிப்புகள் வந்தன. சட்டம் மட்டும் வரவில்லை.

நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய இரு கேள்விகள்

முதலாவது: சேமிப்பையெல்லாம் போட்டு முக்கால் கிரவுண்டு வாங்கி வீடு கட்டிய தொழிலாளி என்ன ஆவார்? அவரும் ஏமாற்றப்பட்டவரே. சில இடங்களில் அவரே தலித்தாகவும் இருக்கலாம். நம் கோரிக்கை அவர் வீட்டை இடிப்பதன்று. நிலத்தை மொத்தமாக வாங்கிக் கூறுபோட்டு விற்ற நிறுவனமும், குறிப்பை அழித்த பதிவேடும்தான் பொறுப்பேற்க வேண்டும். சிறு வீட்டு உரிமையாளரை விட்டுவிட்டு, மனை விற்றவரிடமிருந்து இன்றைய சந்தை மதிப்பை வசூலித்து, அசல் குடும்பத்துக்கு அதே வட்டத்தில் மாற்று நிலம் வழங்கும் ஏற்பாட்டைத் தனிச் சட்டம் உள்ளடக்கலாம். காலியாகக் கிடக்கும் மனைகளையும் பெருநிறுவன நிலங்களையும் நேரடியாக மீட்கலாம்.

இரண்டாவது: விற்கத் தடை என்பதே தலித்துகளை ஏழைகளாக வைத்திருக்கிறதா? விற்க முடியாத நிலத்துக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம் என்பது உண்மையே. ஆனால் தடை இருந்தபோதே கைநாட்டில் பறிபோன நிலம், தடை இல்லாதிருந்தால் இன்னும் விரைவாகப் போயிருக்கும். தடையைத் தளர்த்துவதைக் காட்டிலும், அந்நிலத்தின் பேரில் கடன் வழங்கத் தாட்கோ போன்ற அரசு நிறுவனங்களைப் பொறுப்பாக்குவதே சரியான வழி.

நகரத்தில் வாடகை வாங்குபவரும் கொடுப்பவரும்

இது பழைய வயலைப் பற்றிய ஏக்கம் அன்று. தொழிற்சாலை வந்த ஊரில் நிலம் உள்ளவர் அறைகள் கட்டி வாடகை வாங்குகிறார், கடை வைக்கிறார், வண்டி நிறுத்த இடம் விடுகிறார். நிலம் இல்லாதவர் அதே நகரத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகிறார். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட தொழிலாளர் குடியிருப்பு, 706.50 கோடி ரூபாய் செலவில் திறக்கப்பட்டது. தொலைவிலிருந்து வரும் பெண் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் தேவை என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. இவ்வளவு பெரிய கட்டுமானத்தைத் திட்டமிட முடிந்த அரசுக்கு, அதே வட்டத்தின் பழைய ‘அ’ பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி மக்கள் பார்வைக்கு வைப்பது இயலாத காரியம் அன்று என்பதே நாம் சொல்வது.

மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் செய்யக்கூடியவை

முதலில் ஒரே ஒரு வருவாய்க் கிராமத்தைத் தேர்ந்தெடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யூ.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டின் நகலையும், டி.சி. ஒப்படைப் பதிவேட்டையும் கேளுங்கள். ‘பதிவேடு இல்லை’ என்ற பதில் வந்தால் அதையே எழுத்து மூலம் பெற்று மேல்முறையீடு செய்யுங்கள்.

அடுத்து, பழைய சர்வே எண்களை இன்றைய உட்பிரிவு எண்களோடு ஒப்பிட்டுப் பட்டியல் தயாரியுங்கள். அதைச் சேரியின் முதியவர்கள் முன் வாசியுங்கள். எந்தக் குடும்பம், எந்த ஏரிக்கரை, எந்த ஆண்டு என்பதை அவர்கள் சொல்வார்கள். அந்த வாக்குமூலத்தைத் தேதியிட்டுப் பதிவு செய்யுங்கள்.

பின்னர், நிபந்தனை மீறலைச் சுட்டிக்காட்டி வருவாய்க் கோட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் மனு அளித்து, நிலத்தைத் திரும்ப எடுத்து மறு ஒப்படை செய்யக் கோருங்கள். அச்சுறுத்தியோ ஆவணங்களைப் புனைந்தோ நிலம் பறிக்கப்பட்டிருந்தால், 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(f), 3(1)(g) பிரிவுகள் பொருந்தும். பழைய கிரயங்கள் எல்லாவற்றுக்கும் அப்பிரிவுகளை இயந்திரம்போல் பயன்படுத்த வேண்டாம். வழக்கு வலுவிழக்கும்.

இந்தப் பணிக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு கிராமத்துக்கு இரண்டு மாணவர்கள், சில மாத உழைப்பு, விடாப்பிடி ஆகியவை போதும். பதிவேட்டில் அந்த இரண்டெழுத்து எங்கே இருந்தது என்பதை நாம் காட்டிவிட்டால், அதை அழித்தது யார் என்று சொல்ல வேண்டிய பொறுப்பு அரசிடம் போய்ச் சேரும்.