யாரோ ஒரு செடி

"இது என்ன செடி தம்பி?" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"யாரோ."

"யார் குடுத்தாங்கன்னு கேக்கல. பேரு என்னன்னு கேக்குறேன்."

பெயரே அதுதான் என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் யாரோ என்று அழைக்கும் செடி அது. தாவரவியலில் அக்கிலியா மில்லிஃபோலியம். கிரேக்க வீரன் அக்கிலீஸ் தன் படைவீரர்களின் காயத்துக்கு இதன் இலையை வைத்துக் கட்டினான் என்ற கதையிலிருந்து முதல் பாதி வந்தது. ஆயிரம் இலை என்பது பின்பாதியின் பொருள். காரட் தழையைவிட நுணுக்கமாக, இறகுபோல் கிழிபட்ட இலை. சீனர்கள் ஈ சிங் குறி பார்க்க எண்ணிப் பிரிக்கும் 50 குச்சிகளும் இதன் இனத்துத் தண்டுகள்தான். காஷ்மீர்ச் சரிவுகளில் தானாகவே வளர்கிறது. யுனானி வைத்தியர்கள் பிரஞ்சாசிஃப் என்கிறார்கள். தமிழில் இதற்குப் பெயர் கிடையாது. நம் மண்ணுக்கு வராத செடிக்கு நாம் ஏன் பெயர் வைக்கப்போகிறோம்?

விதைப் பொட்டலத்தை இணையத்தில் வாங்கினேன். "வறட்சி தாங்கும். ஒருமுறை நட்டால் பல ஆண்டு நிற்கும்" என்று போட்டிருந்தது. மலேசியாவின் பூச்சோங்கில் இருந்துகொண்டு வறட்சிச் செடி தேடுவானேன் என்று கேட்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. சென்னைக்குக் கிடைப்பது 1,400 அளவில்தான். ஆனால் எங்கள் தாமானில் வரிசை வீட்டுக்காரருக்கு மண் எங்கே இருக்கிறது? கார் நிறுத்துமிடம் போக மிச்சம், வெயில் ஏறிய சிமெண்டுத் தரையும் நாலு பூந்தொட்டியும்தான். தொட்டிக்குள் இருக்கும் ஈரம் மூன்று நாள் வெயிலுக்குக் காணாது. தரை உள்ளவர்களுக்கும் பெரிய அதிர்ஷ்டம் இல்லை. பூச்சோங்கின் பல பகுதிகள் பழைய ஈய லம்பக்காடுகள். ஈயம் அரித்து எடுத்தபின் விட்டுப்போன வெள்ளை மணலில் தண்ணீர் ஊற்றினால், ஊற்றிய சத்தம் அடங்குவதற்குள் கீழே போய்விடும்.

இதோடு குழாய்த் தண்ணீரும் அவ்வப்போது கைவிடும். 1998இல் எல் நீனோவின்போது மாதக்கணக்கில் பங்கீடு. 2014இல் மறுபடியும் சிலாங்கூரில் இரண்டு நாள் வரும், இரண்டு நாள் வராது. 2020 செப்டம்பரில் மழைக்குக் குறைவில்லை, ஆனால் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கழிவு கலந்ததால் 10 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் குழாய் வறண்டது. வாளி வாளியாகப் பிடித்து வைத்த தண்ணீரைக் கழிப்பறைக்கு வைத்துக்கொள்வதா, செடிக்கு ஊற்றுவதா? அந்த நேரத்தில் "வறட்சி தாங்கும்" என்ற இரண்டு சொல் எவ்வளவு இனிக்கும் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

யாரோ நன்றாகவே முளைத்தது. அதன் விதைக்கு வெளிச்சம் வேண்டும், மண்ணைப் போட்டு மூடக்கூடாது. மேலே தூவி அழுத்திவிட்டால் போதும். இரண்டு மாதம் தழைத்தது. மூன்று நாள் நான் தண்ணீர் காட்டாதபோதும் முகம் சுளிக்கவில்லை. பிறகு அக்டோபர் வந்தது. தினமும் மாலை நான்கு மணிக்கு இடியோடு மழை. இரண்டாவது வாரம் நடுக்குருத்து பழுப்பானது. தொட்டுப் பார்க்கலாம் என்று லேசாகப் பிடித்தேன். கொத்து முழுவதும் கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் இருந்த இடத்தில் ஒரு கருப்புக் கூழ், சாக்கடை வாடை.

தாகத்தைத் தாங்கிய செடி தண்ணீரில் செத்தது. காரணம் மழை மட்டும் அல்ல, இரவும்தான். செடி பகலில் சர்க்கரை சேர்க்கிறது, இரவில் மூச்சுவிட்டு அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தச் செலவு ஏறத்தாழ இரட்டிக்கும். யாரோவுக்குப் பழகிய இரவு குளிரானது. பூச்சோங்கில் நள்ளிரவிலும் 24, 25 டிகிரி. பகலில் சம்பாதித்ததை இரவில் தின்றுவிட்டு நிற்கும் செடியை ஈரத்தில் வாழும் பூஞ்சை சுலபமாகச் சாய்த்துவிடுகிறது.

ஒருவேளை பிழைத்திருந்தாலும் பூத்திருக்குமா என்பது சந்தேகம். நீண்ட பகலைக் கண்டால்தான் யாரோவுக்குப் பூக்கத் தோன்றும். ஐரோப்பியக் கோடையில் பகல் 16 மணி நேரம். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 3 டிகிரி வடக்கே. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் இருபது நிமிடத்தைச் சுற்றித்தான். கேமரன் மலைக்கு இரவில் போனவர்கள் செவ்வந்திப் பண்ணைகளில் வரிசையாக விளக்கு எரிவதைப் பார்த்திருப்பார்கள். அதுவும் இந்தக் கணக்குதான். செவ்வந்தி யாரோவுக்கு நெருங்கிய உறவு, குணம் மட்டும் தலைகீழ்: இரவு நீண்டால் பூக்கும். தண்டு உயரும்வரை அது பூத்துவிடாமல் இருக்க, விளக்கைப் போட்டு இன்னும் பகல்தான் என்று ஏமாற்றுகிறார்கள்.

பொட்டலம் சொன்னது பொய்யும் இல்லை. எந்த ஊரில் என்று சொல்லாமல் விட்டது, அவ்வளவுதான். இந்த "எந்த ஊரில்" எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உலகத்துக்குக் காட்டியதே யாரோதான் என்பது வேடிக்கை. கிளாசன், கெக், ஹீசி என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் கலிபோர்னியாவின் கடற்கரையிலிருந்து சியரா நெவாடா மலையுச்சி வரை யாரோ செடிகளைத் திரட்டி, 30, 1,400, 3,050 மீட்டர் உயரங்களில் இருந்த மூன்று தோட்டங்களில் நட்டு ஒப்பிட்டார்கள். 1948இல் முடிவை வெளியிட்டார்கள். பார்வைக்கு ஒரே இனம். ஆனால் உச்சியில் பிறந்ததைக் கீழே கொண்டுவந்து சீராட்டினாலும் அது குட்டையாகவே நின்றது. கடலோரத்தில் பிறந்ததற்கு உச்சியின் குளிர் ஆகவில்லை. தோட்டம் மாறினாலும் பிறந்த ஊர் மாறவில்லை.

அப்படியானால் பூச்சோங்கில் பிறந்தது போன்ற குணமுள்ள செடி எது? இங்கே மூன்று வாரம் காயும், நான்காவது வாரம் வெள்ளம் வரும். வறட்சிக்கென்றே செய்த செடியும் உதவாது, மழைக்கென்றே செய்த செடியும் உதவாது. இரண்டுக்கும் மாறத் தெரிந்தது வேண்டும்.

அது கால்வாய் ஓரத்தில் ஏற்கனவே முளைத்துக் கிடந்தது. பருப்புக்கீரை. மலாய்க்காரர்கள் கெலாங் பாசிர் என்பார்கள். பூவுக்கு வேண்டுமென்றால் அதன் ஒன்றுவிட்ட தங்கையான டேபிள் ரோஸ், அதாவது பத்துமணிப் பூ, நர்சரிகளில் சல்லிசாகக் கிடைக்கிறது. அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா என்றாலும், இங்கே வந்தேறி என்ற சுவடே இல்லாமல் சிரிக்கிறது.

இவற்றின் சூட்சுமத்தைப் புரிந்துகொள்ள நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. தரங்கம்பாடிக்கு மொராவிய மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராக வேலை பார்த்தவர் பெஞ்சமின் ஹெய்ன். புத்தகத்துக்குள் வைத்தாலும் விளிம்பில் குட்டி போடுமே ரணகள்ளி, அதன் இலையை ஒவ்வொரு வேளையும் கடித்துப் பார்த்தார். விடியலில் நல்ல புளிப்பு, நடுப்பகலில் சப்பென்று, மாலையில் கசப்பு. இதை லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதி அனுப்பினார், 1815இல் அச்சானது. 1819இல் சென்னை வேப்பேரியில் இறந்துபோனார். தான் நாக்கில் கண்டது என்ன என்பது அவருக்கு முழுதாகத் தெரியாது.

இலைக்குக் காற்று வேண்டும். காற்றுக்காக இலைத்துளையைத் திறந்தால் அதே வழியாக நீராவி தப்பிவிடும். ரணகள்ளி, கள்ளி, அன்னாசி போன்றவை பகலில் கதவைச் சாத்திவிட்டு, வெயில் தணிந்த இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கின்றன. விடியும்வரை அதை மாலிக் அமிலமாக்கிச் சேமிக்கின்றன. ஆப்பிளின் புளிப்பும் இந்த அமிலம்தான். சூரியன் வந்ததும் சேமிப்பை எடுத்துச் சர்க்கரை ஆக்க, புளிப்பு இறங்குகிறது. நீர் மிச்சம், ஆனால் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும்.

பருப்புக்கீரை இதில் இன்னும் கெட்டிக்காரி. ஈரம் இருக்கும்போது கரும்பும் மக்காச்சோளமும் செய்கிற வேகமான பகல்வழியில் சமைக்கிறது. காய்ந்துவிட்டால் இரவு வழியையும் சேர்த்துக்கொள்கிறது. மழை வந்ததும் பழையபடி. இரண்டும் தனித்தனி அடுப்பு என்றுதான் நினைத்திருந்தார்கள். ஒரே செல்லுக்குள் ஒன்றோடொன்று இணைந்தே எரிகின்றன என்று 2022இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதற்காக அதைத் தண்ணீரில் ஊறவிடலாம் என்று அர்த்தமில்லை. தொட்டியின் ஓட்டை அடைத்தால் பத்துமணிப் பூவும் அழுகும். நான் பாதிக்குப் பாதி ஆற்றுமணலும் மக்கிய உரமும் கலக்கிறேன். தட்டில் தண்ணீர் நிற்க விடுவதில்லை. கொடி நீண்டு மொட்டையானால் விரல் நீளத்துக்குக் கிள்ளி அதே தொட்டியில் செருகினால் சில நாளில் வேர் பிடிக்கும். நிழலில் வைத்தால் பூ விரியாது. மேக மூட்டமான நாளிலும் பாதிக் கண்ணைத்தான் திறக்கும்.

யாரோ செத்த தொட்டியை நான் காலி செய்யவில்லை. சோம்பல். அதில் பருப்புக்கீரை தானாக முளைத்திருந்தது. ஹெய்ன் செய்ததை நாமும் செய்து பார்த்தால் என்ன என்று, மழை வாரம் ஒன்றில் விடியற்காலையும் மாலையும் ஒவ்வொரு இலையைக் கழுவிக் கடித்தேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏமாற்றம்தான். பிப்ரவரியில் ஒன்பது நாள் சொட்டு மழை இல்லை, நானும் தண்ணீர் ஊற்றவில்லை. பத்தாம் நாள் காலை ஆறே முக்காலுக்குக் கடித்தபோது பல் கூசியது.

இன்னொரு இலையைக் கிள்ளி வேலிக்கு மேலே நீட்டினேன். பாட்டி மென்று பார்த்து, "பருப்புல போட்டா இன்னிக்கிப் புளி வேணாம்" என்று சொல்லி, தொட்டியில் இருந்ததில் பாதியைப் பறித்துக்கொண்டு போய்விட்டார். மாலை மாதிரிக்கு மூன்று தண்டுதான் மிச்சம்.