எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

புதுச்சேரி முதலியார்பேட்டையில், பூட்டிக் கிடக்கும் ஏ.எஃப்.டி. மில் பக்கம் ஒரு டீக்கடை. பி.எஸ்சி. இயற்பியல் முடித்த அக்கா மகள் கேட்டாள்: "மாமா, அணுக்கரு, துகள் இயற்பியல் படிக்கணும். எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?" கையில் ஏற்கெனவே தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். முதல் பக்கமே துகள்களின் அட்டவணை. மூடி வைக்கச் சொன்னேன்.

"டீ வடிகட்டியைப் பாரும்மா. கோலார் தங்கச் சுரங்கத்துல நடந்தது இதுதான்."

காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது மியூவான்களும் நியூட்ரினோக்களும் பிறக்கின்றன. தரையில் ஓயாத மியூவான் மழை. அதற்குள் நியூட்ரினோவின் தடத்தைத் தேடுவது வீண். அதனால் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். பாறைதான் வடிகட்டி. மியூவான் சக்கையில் பெரும்பகுதி மேலேயே தங்கிவிடும். நியூட்ரினோ தங்குதடையின்றி இறங்கும். அபூர்வமாக ஒன்று பாறையில் மோதிப் புது மியூவானைப் பிறப்பிக்கும்.

"அது புதுசுன்னு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. வடிகட்டிக்குத் தப்பிய பழைய மியூவான் மேலிருந்துதான் வரும். பக்கவாட்டில் பாறையின் தடிமன் பல மடங்கு. அதைத் துளைத்து அது வர முடியாது. ஆக, படுக்கைவாட்டில் பாய்ந்து வந்தால் அது நியூட்ரினோவின் வேலை. மும்பை டாடா ஆய்வு நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் மூன்றும் சேர்ந்து 1965 ஆகஸ்டில் இதை வெளியிட்டன. தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் தேடிய அமெரிக்க இயற்பியலாளர் ரெய்ன்ஸின் குழு, முடிவை வெளியிடுவதில் சில நாள் பிந்திவிட்டது.

'எப்படித் தெரியும்' என்ற இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் புத்தகம்தான் முதலில் வேண்டும். ஸ்டீவன் வைன்பெர்க்கின் 'தி டிஸ்கவரி ஆஃப் சப்அடாமிக் பார்ட்டிகிள்ஸ்' அப்படிப்பட்டது. எலெக்ட்ரானையும் அணுக்கருவையும் சோதனை சோதனையாகக் காட்டும். அடுத்து டேவிட் கிரிஃபித்ஸின் 'இன்ட்ரடக்ஷன் டு எலிமென்டரி பார்ட்டிகிள்ஸ்'. அதன் முதல் அத்தியாயம் வரலாறு, கதைபோலப் படிக்கலாம். பிறகு குவாண்டம் இயக்கவியல் கைவசம் இல்லாவிட்டால் திணறல்தான்.

அணுக்கருவுக்கு கென்னத் கிரேனின் 'இன்ட்ரடக்டரி நியூக்ளியர் பிசிக்ஸ்'. ஆல்பா சிதைவு, பீட்டா சிதைவு, பிளவு எல்லாம் உண்டு. இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கல்பாக்கம். அங்கே 1985 முதல் இயங்கும் வேக ஈனுலையின் அடிப்படையும் அந்தப் பிளவுதான். என்னைக் கேட்டால் கிரேனை வரிசையாகப் படிக்க வேண்டாம்; தேவையான அத்தியாயத்தைத் திறந்தால் போதும்.

ஒன்றை மட்டும் அவளிடம் கறாராகச் சொன்னேன், உங்களுக்கும் அதுவே: அத்தியாயத்தின் கடைசியில் இருக்கும் கணக்குகளில் ஐந்தையாவது பேனா பிடித்துப் போடாமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போகாதீர்கள்.