ஊர்தி விளக்கும் எதிர்வருவோர் கண்ணும்

முன்னுரை

இருளை வெல்ல மனிதன் கண்ட கருவிகளுள் தலையாயது விளக்கு. அகல், அரிக்கேன், பெட்ரோமாக்ஸ், குமிழ் விளக்கு என வளர்ந்த அதன் வரலாறு இன்று எல்.இ.டி. எனப்படும் ஒளி உமிழ் டையோடில் வந்து நிற்கிறது. 1944ஆம் ஆண்டு பாபநாசத்தில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது பொருநை ஆறே நமக்கு விளக்கேற்றியது எனலாம். அன்று வந்த குமிழ் விளக்குகள் நம் வீடுகளிலிருந்து ஏறத்தாழ விடைபெற்றுவிட்டன. குறைந்த மின்சாரம், மிகுந்த ஒளி, நீண்ட ஆயுள் ஆகிய மூன்று நலன்களையும் காட்டி எல்.இ.டி. அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

வீட்டில் நன்மை பயத்த இம்மாற்றத்தை மகிழுந்திலும் செய்தால் என்ன என்னும் எண்ணம் பலருக்கு எழுவது இயல்பே. உதிரிப்பாகக் கடைகளில் பெட்டி பெட்டியாக எல்.இ.டி. பல்புகள் விற்கின்றன. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட அரைமணி நேரம் போதும். ஆயினும் வீட்டு விளக்கின் ஒளி வீட்டாருக்கு மட்டுமே உரியது. ஊர்தி விளக்கின் ஒளியோ எதிரே வருவோர் கண்ணிலும் விழுகிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற் கொண்டு, எவற்றை மாற்றலாம், எவற்றை மாற்றலாகாது, ஏன் என்பனவற்றை ஈண்டுக் காண்போம்.

இருவகை ஒளி

நம் கார்கள் பலவற்றில் உள்ள ஹாலஜன் பல்பு, குமிழ் விளக்கின் உடன்பிறப்பே. அதனுள் இருக்கும் டங்ஸ்டன் இழை ஏறக்குறைய 2,900 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி ஒளிர்கிறது. உட்கொள்ளும் மின்னாற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறுகிறது. அதன் ஒளி சற்றே மஞ்சள் கலந்தது.

எல்.இ.டி.யில் இழை இல்லை. குறைகடத்திப் படிகத்தின் ஊடே மின்சாரம் பாயும்போது அப்படிகமே ஒளியை உமிழ்கிறது. 1962இல் சிவப்பு ஒளி தரும் டையோடு உருவாயிற்று. பிரகாசமான நீல ஒளியைப் பெற மேலும் 30 ஆண்டுகள் தேவைப்பட்டன. அதனைச் சாதித்த ஜப்பானிய அறிவியலறிஞர்கள் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, சூஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீல ஒளி தரும் படிகத்தின்மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பரைப் பூசினால் இரண்டும் கலந்து வெள்ளொளி கிடைக்கிறது. இன்று நாம் காணும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் இம்முறையில் அமைந்தவையே.

பழைய விளக்கின் நுட்பம்

முகப்பு விளக்கு என்பது பல்பு மட்டுமன்று. பல்பு, பின்னாலுள்ள பிரதிபலிப்பான், முன்னாலுள்ள கண்ணாடி ஆகிய மூன்றும் சேர்ந்த ஓர் ஒளியியல் கருவி. நம் நாட்டில் மிகப் பரவலான எச்-4 வகை ஹாலஜன் பல்பை உற்றுநோக்கினால் இவ்வுண்மை விளங்கும். அதனுள் இரண்டு இழைகள் உள்ளன. 60 வாட் இழை 'பிரைட்' ஒளிக்கும், 55 வாட் இழை 'டிம்' ஒளிக்கும் உரியவை. டிம் இழையின் கீழே சிறு கிண்ணம் போன்ற உலோகத் தகடு ஒன்று இருக்கும். இழையின் ஒளி பிரதிபலிப்பானின் கீழ்ப்பாதியில் படாதவாறு அத்தகடு தடுக்கிறது. மேற்பாதியில் மட்டும் பட்ட ஒளி கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழுகிறது. எதிரே சுவரிருந்தால், மேலே இருளும் கீழே ஒளியுமாக ஒரு கோடு தெளிவாகத் தெரியும். இடப்புறம் செல்லும் நம் நாட்டு வழக்கத்திற்கேற்ப அக்கோடு இடது பக்கத்தில் சற்றே மேலேறி நிற்கும். சாலையோரம் நடந்து செல்பவர் தெரிய வேண்டும், எதிரே வரும் ஓட்டுநர் கண் கூசக்கூடாது என்னும் இரண்டு தேவைகளையும் அச்சிறு தகடும் இழையின் இருப்பிடமும் நிறைவேற்றுகின்றன. இழை ஒரு மில்லிமீட்டர் இடம் பெயர்ந்தாலும் இவ்வமைதி குலையும்.

பல்பை மட்டும் மாற்றினால்

ஹாலஜன் இழை தன்னைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒளி வீசுவது. மாற்று எல்.இ.டி. பல்பிலோ ஒரு பட்டையின் இருபுறமும் படிகங்கள் பதிக்கப்பட்டிருக்கும். பட்டையின் தடிப்பினால் அப்படிகங்கள் இழை இருக்கவேண்டிய நடுவிடத்தினின்றும் விலகுகின்றன. ஒளியும் பக்கவாட்டில் மிகுந்தும் மேலும் கீழும் குறைந்தும் பரவுகிறது. இழைக்கென வளைத்துச் செய்யப்பட்ட பிரதிபலிப்பான் இப்புதிய ஒளியைத் திசை தவறிச் சிதறடிக்கிறது. இருளுக்கும் ஒளிக்கும் இடையே இருந்த கோடு கலைந்து, கீழே விழவேண்டிய ஒளி எதிரே வருபவரின் கண்மட்டத்திற்கு ஏறுகிறது.

'ஆனால் எனக்கு நன்றாகத் தெரிகிறதே!' என ஓட்டுநர் கூறலாம். அது பெரும்பாலும் மயக்கமே. சிதறிய ஒளி வண்டிக்கு முன்னால் உள்ள சில மீட்டர் தூரத்தைப் பளிச்சென்று காட்டுகிறது. அவ்வெளிச்சத்திற்குக் கண்ணின் பாவை சுருங்கிவிடுவதால், தொலைவில் இருளில் நிற்பது முன்னைவிட மங்கலாகவே தெரியும். வேகமாகச் செல்பவனுக்கு வேண்டுவது காலடி வெளிச்சமன்று, தொலைவு வெளிச்சமே.

வெப்பமும் கருதத்தக்கது. எல்.இ.டி.யும் சூடேறும், ஆனால் அச்சூடு முன்னால் வீசப்படாமல் பல்பின் அடிப்பகுதியில் தேங்குகிறது. அதனைத் தணிக்கவே பின்னால் உலோக இதழ்களும் சிறு விசிறியும் வைக்கிறார்கள். இடநெருக்கடியால் ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டுப் பொருத்தினால் மழைநீரும் செம்மண் தூசியும் விளக்கினுள் புகும். மூடியை இறுக மூடினாலோ வெப்பம் வெளியேற வழியில்லை. வெப்பம் மிகுந்தால் எல்.இ.டி.யின் ஒளி குன்றும், ஆயுளும் குறையும்.

கண்கூச்சமும் நம் சாலைகளும்

இருளுக்குப் பழகிய கண்ணில் பேரொளி பட்டால் மீண்டும் பார்வை தெளியச் சில நொடிகள் ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டரைக் கடக்கிறது. மூன்று நொடி கண் கூசினால் 50 மீட்டர் தூரம் குருட்டுப் பயணம் ஆகிவிடுகிறது. முதியோர்க்கும் கண்புரை தொடங்கியோர்க்கும் இத்துன்பம் இரட்டிப்பு. கண்வில்லையில் படிந்த மங்கல், வந்து விழும் ஒளியைக் கண்ணுக்குள்ளேயே சிதறடிக்கிறது. நீலம் மிகுந்த வெள்ளொளி மஞ்சள் ஒளியைவிடக் கூடுதலாகக் கண்ணை உறுத்துவதும் அறியப்பட்டதே.

நம் பள்ளத்தாக்கின் சாலைகளை எண்ணிப் பார்ப்போம். நான்கு வழிச்சாலையில் நடுத்தடுப்பு உண்டு. எதிரொளி ஓரளவு மறைகிறது. சேரன்மகாதேவி, முக்கூடல், அம்பாசமுத்திரம் எனக் கால்வாய்களையும் வயல்களையும் ஒட்டிச் செல்லும் சாலைகளில் அவ்வாறில்லை. கார், பிசானப் பருவ அறுவடைக் காலங்களில் சாலையோரம் நெல் காய்கிறது. காவலுக்கு அருகிலேயே உழவர் படுத்திருக்கிறார். சுற்றி முடித்த பீடிகளை ஒப்படைத்துவிட்டுப் பெண்கள் அந்தி மயங்கிய பின் வீடு திரும்புகிறார்கள். திருச்செந்தூர்ச் சாலையில் பாதயாத்திரை செல்வோர் இரவெல்லாம் நடக்கிறார்கள். பின்விளக்கற்ற மிதிவண்டியும் டிராக்டரும் உண்டு. கண் கூசிய ஓட்டுநரின் வழியில் அகப்படுவோர் இவர்களே. விளக்கை மாற்றியவர் நலமாகக் கடந்து போய்விடுவார். துன்பம் அவருக்குப் பின்னே நிகழும். தம்மால் நேர்ந்தது என்பதைக்கூட அவர் அறியமாட்டார். இவ்வினாவின் கொடுமை இதிலேதான் அடங்கியுள்ளது.

சட்டம் கூறுவது

இச்சிக்கல் புதியதன்று. முகப்பு விளக்கின் நடுவில் கறுப்பு வட்டம் ஒட்டும் வழக்கம் நம் மாநிலத்தில் நெடுங்காலம் இருந்ததை மூத்தோர் அறிவர். அதுவும் எதிர்வருவோர் கண்ணைக் காக்கச் செய்த முயற்சியே.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி இதனை அளவிட்டே கூறுகிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், அதன் வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதவாறு ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டுநர் தாழ்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். உற்பத்தியாளரின் மூல அமைப்பிற்கு மாறாக வாகனத்தை மாற்றலாகாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. இதனை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்துள்ளது.

ஜெர்மனியில் 2020 முதல் சில மாற்று எல்.இ.டி. பல்புகளுக்கு அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் அவ்வனுமதி பல்புக்கு மட்டும் உரியதன்று. எந்த மாதிரி வண்டியின் எந்த விளக்கில் பொருத்தலாம் எனச் சோதித்துப் பட்டியலிட்டே அளிக்கப்படுகிறது. பல்பும் பிரதிபலிப்பானும் பிரிக்கவொண்ணாத இணை என்பதற்கு இதுவே சான்று.

எவற்றில் எல்.இ.டி. நன்று?

எல்.இ.டி. தீயது என்பதன்று நம் கருத்து. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி.க்கென வடிவமைக்கப்பட்ட முகப்பு விளக்குகள் 2007 முதல் கார்களில் வந்துள்ளன; அவை சிறந்தவையே. பழைய கூட்டில் புதிய பல்பைப் புகுத்துவதே குற்றம்.

வண்டியின் உள்விளக்கில் ஒளியின் திசை குறித்த கவலை இல்லை, அங்கு எல்.இ.டி. பொருத்தமானது. பிரேக் விளக்கில் அதற்குத் தனிச் சிறப்பே உண்டு. இழை சூடேறி முழு ஒளி தர ஏறத்தாழ 0.2 நொடி ஆகும், எல்.இ.டி. உடனே ஒளிரும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவருக்கு அந்த 0.2 நொடி ஐந்தரை மீட்டர் தூரத்திற்குச் சமம். எனினும் இந்நலனையும் எல்.இ.டி.க்கென அமைந்த முழு விளக்கிலேயே பெறுவது முறை. வெள்ளை எல்.இ.டி.யில் சிவப்புக் கூறு குறைவாதலால், சிவப்புக் கண்ணாடிக்குப் பின் அதனைப் பொருத்தினால் விளக்கு மங்கும். இண்டிகேட்டரில் மாற்றினாலோ மின்னோட்டம் குறைவதைக் கண்ட ரிலே, பல்பு ஒன்று பழுதானதாகக் கருதி விரைந்து துடிக்கத் தொடங்கும்.

செலவின்றிப் பெறும் வெளிச்சம்

விளக்கு மங்கல் என்று வருந்துவோர் பல்பைப் பழிப்பதற்கு முன் பிறவற்றை ஆராய வேண்டும். ஹாலஜன் பல்புக்குச் செல்லும் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் அதன் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். பாசி பிடித்த இணைப்புகளும் தேய்ந்த சுவிட்சும் இக்குறையை உண்டாக்குகின்றன. நல்ல எலக்ட்ரீசியன் எர்த் இணைப்பைச் சுத்தம் செய்து, ரிலேயைச் சரிபார்த்தால் இழந்த ஒளி மீளும். வெயிலில் மஞ்சளித்த முகப்புக் கண்ணாடியை மெருகேற்றலாம். வெள்ளிப் பூச்சு உதிர்ந்த பிரதிபலிப்பானை மாற்றலாம். வாட் கூடிய பல்பை மட்டும் போடலாகாது, கம்பிகள் உருகிவிடும்.

ஒளியின் உயரத்தை நாமே சோதிக்கலாம். சமதரையில் டயர்களில் காற்றைச் சரியாக நிரப்பி, சுவருக்கு 10 மீட்டர் தொலைவில் வண்டியை நிறுத்தி, டிம் ஒளியை ஏற்ற வேண்டும். ஒளிக்கோடு விளக்கின் நடுவுயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் நன்று. ஏறியிருந்தால் விளக்கின் பின்னுள்ள திருகாணியால் தாழ்த்திக்கொள்ளலாம்.

முடிவுரை

புதுமையை வரவேற்பது அறிவு. அது யாருக்கு என்ன செய்யும் என்று எண்ணிப் பார்ப்பது பண்பு. வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் அறமே எனக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கண்ணைக் குத்தும் ஒளியும் வழியிற் கிடக்கும் முள்ளே. கார் வாங்கும் மாணவச் செல்வங்கள் அதன் விளக்கை மாற்ற எண்ணும்போது, கால்வாய்க் கரைச் சாலையில் எதிரே மிதிவண்டியில் வரும் முதியவரையும் எண்ணுவார்களாக. அவருக்கும் வழி தெரியவேண்டும். எதிரே வண்டி வரக் கண்டதும் டிம் ஒளிக்கு மாற்றுவதைக் கைப்பழக்கமாக்கிக்கொண்டால், அவருக்கு நாம் செய்யும் உதவி அப்பொழுதே தொடங்கிவிடும்.