ஏர் கூலிங்கா, லிக்விட் கூலிங்கா? தறி நின்ற பிறகும் தூக்கத்தைக் கெடுக்காத கம்ப்யூட்டருக்கு எது சரி?

ஆரணியை அடுத்த தேவிகாபுரம், பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். பகல்ல நெசவாளர் தெருவுல நடந்தா, வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவுல வீட்டு மூலையில ஒரு கம்ப்யூட்டர் ஓடுறது யார் காதுலயும் விழாது.

தறி நின்ன பிறகுதான் பிரச்னையே! அப்பா, அம்மா அதே கூடத்துல பாய் விரிச்சுப் படுத்திருப்பாங்க. நீங்க சேலை பார்டருக்கு டிசைன் வரையவோ, வீடியோ எடிட் பண்ணவோ உட்காருவீங்க. அஞ்சாவது நிமிஷம் கேபினெட்டுக்குள்ள இருக்கிற ஃபேன் 'உய்ய்ங்'னு அலற ஆரம்பிக்கும். "இன்னும் அந்த மெஷினை நிறுத்தலையா?"னு பாயிலிருந்து ஒரு குரல் வரும். விடிஞ்சா தறியில உட்கார வேண்டியவங்க அவங்க. அவங்க தூக்கமும் முக்கியம், உங்க வேலையும் முக்கியம்.

கடையில கேட்டா, "லிக்விட் கூலிங் போட்டுடுங்க, சத்தமே வராது"ன்னு சொல்வாங்க. அது எவ்வளவு தூரம் உண்மை?

சூடு எங்கே போகுது?

இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதிக் குழப்பம் தீர்ந்துடும். பிராசஸர் எடுத்துக்கிற மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பத்தை அந்தச் சின்னச் சில்லிலிருந்து எடுத்து, அறைக் காற்றில் விடுவதுதான் கூலரின் வேலை.

ஏர் கூலரில் (ரூம்ல வைக்கிற கூலர் இல்லைங்க!) செம்புக் குழாய்கள் இருக்கும். அதற்குள் இருக்கும் துளி திரவம் சூட்டில் ஆவியாகி மேலே போய், அலுமினியத் தகடுகளில் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகத் திரும்பும். தகடுகளின் சூட்டை ஃபேன் ஊதித் தள்ளும்.

லிக்விட் கூலரில் ஒரு பம்ப், இரண்டு ரப்பர் குழாய்கள், ஒரு ரேடியேட்டர் இருக்கும். பம்ப் திரவத்தைச் சுற்றிவிட, ரேடியேட்டரில் இருக்கும் ஃபேன்கள் அதைக் குளிர வைக்கும்.

கவனிச்சீங்களா? ரெண்டுலயும் கடைசியில ஊதுறது ஃபேன்தான். சூடு போய்ச் சேருற இடமும் உங்க கூடத்துக் காத்துதான். அறை 38 டிகிரியில் இருந்தால், எந்தக் கூலராலும் பிராசஸரை அதற்குக் கீழே கொண்டுவர முடியாது. 25 டிகிரி அறையில் 70 டிகிரி காட்டும் பிராசஸர், 38 டிகிரி அறையில் சுமார் 83 காட்டும். திருவண்ணாமலை, வேலூர் பக்கத்து கோடையை நினைச்சுக்கிட்டே இந்தக் கணக்கைப் போடுங்க.

சத்தத்தோட கணக்கு

ஃபேனின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத்தான் தெரியும். அப்போ அமைதிக்கான வழி ஒண்ணுதான். பெரிய ஃபேன், பெரிய தகடு, மெதுவான வேகம்.

பிராசஸரோட இலவசமா வர்ற குட்டி கூலர் அலறுவது இதனால்தான். தகடு சின்னது, அதனால ஃபேன் வேகமா சுத்தியே ஆகணும். அதைக் கழற்றிவிட்டு 120 மி.மீ. ஃபேன் உள்ள ஒரு டவர் ஏர் கூலர் போட்டாலே ராத்திரி வித்தியாசம் தெரியும். சாதாரண 65 வாட் பிராசஸருக்கு இதுவே தாராளம்.

லிக்விட் கூலருக்கு உண்மையான ஒரு நன்மை உண்டு. திரவம் மெதுவாகத்தான் சூடாகும். அதனால் ஒரு நிமிட வேலைக்கெல்லாம் ஃபேன் சட்டென்று வேகம் எடுக்காது. ஆனா பம்ப், நீங்க சும்மா டைப் பண்ணும்போதும் ஓடிக்கிட்டே இருக்கும். அதோட மெல்லிய ரீங்காரம் பகல்ல கேட்காது, நிசப்தமான கூடத்துல கேட்கும்.

நெசவு வீட்டுக்கு எது?

என் ஓட்டு ஏர் கூலருக்கு. காரணம் மூணு.

முதலாவது, தூசி. தறி இருக்கிற வீட்டுல நூல் பிசிறு பறக்கத்தான் செய்யும். ரேடியேட்டரின் தகடுகள் பொதுவாக இன்னும் நெருக்கமாக இருக்கும், பிசிறு சீக்கிரம் அடைக்கும். டவர் கூலர்னா ஃபேனைக் கழற்றி, ஒரு பிரஷ்ஷால தட்டிவிட்டா போதும்.

இரண்டாவது, ரிப்பேர். ஏர் கூலர்ல கெட்டுப்போகக்கூடியது ஃபேன் மட்டும்தான். சில நூறு ரூபாயில புதுசு மாட்டிடலாம். லிக்விட் கூலரில் பம்ப் போனால் பெரும்பாலும் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் திரவமும் குழாய் வழியே வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

மூன்றாவது, காசு. நல்ல டவர் கூலர் சுமார் 2,000 முதல் 3,500 ரூபாய்க்குக் கிடைக்கும். ஓரளவு நம்பகமான 240 மி.மீ. லிக்விட் கூலர் 5,000 ரூபாய்க்கு மேல் போகும். மிச்சமாகும் பணம் வேறு செலவுக்கு உதவும்.

அப்போ லிக்விட் யாருக்கு?

முழு வேகத்தில் 200 வாட்டுக்கு மேல் இழுக்கும் பிராசஸர் வைத்து, மணிக்கணக்கில் ரெண்டர் பண்ணுபவர்களுக்கு. உதாரணமாக, இன்டெல் கோர் ஐ9 14900கே 253 வாட் வரை போகக்கூடியது. உயரமான டவர் கூலர் நுழையாத கேபினெட் வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும். வாங்கினா, ரேடியேட்டரோட மேல் பகுதி பம்ப்பைவிட உயரத்துல இருக்கிற மாதிரி மாட்டச் சொல்லுங்க. இல்லன்னா காற்றுக் குமிழி பம்ப்பில் சிக்கி, 'களக் களக்'னு சத்தம் வரும்.

காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி...

* கேபினெட்டைத் திறந்து, எது சத்தம் போடுதுன்னு முதல்ல கேளுங்க. கிராஃபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, பழைய ஹார்டு டிஸ்க்கா இருந்தா, பிராசஸர் கூலரை மாத்தி பிரயோஜனமில்லை.

* தூசியைச் சுத்தம் பண்ணுங்க. பல வருஷமாச்சுன்னா தெர்மல் பேஸ்ட்டையும் மாத்துங்க.

* பயாஸ் செட்டிங்கில் ஃபேன் வேகத்தைக் குறைத்து, வேகம் எடுக்கும் முன் சில விநாடிகள் காத்திருக்கும்படி வையுங்கள். பிராசஸரின் வாட் அளவுக்கும் ஒரு வரம்பு வைக்கலாம். ரெண்டுக்கும் செலவு பூஜ்ஜியம்!

* கேபினெட்டைச் சுவரோட ஒட்டி வைக்காதீங்க. சூடான காத்து வெளியே போக ஒரு சாண் இடம் விடுங்க.

* டவர் கூலர்கள் 155 - 165 மி.மீ. உயரம் வரும். கேபினெட்டுல நுழையுமான்னு அளந்துட்டு வாங்குங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுல அசெம்பிள் பண்ணி பஸ்ஸுல ஊருக்குக் கொண்டு வர்றீங்கன்னா, கனமான கூலரைக் கழற்றித் தனியா எடுத்துட்டு வாங்க. குலுங்கற குலுங்கல்ல மதர்போர்டு தாங்காது.

ஒரு கொசுறுத் தகவல். தறிக்கு மேல ஜக்கார்டு பெட்டியில தொங்குற ஓட்டை போட்ட அட்டைகளைப் பார்த்திருப்பீங்க. 1804-ல் பிரான்ஸின் ஜக்கார்டு உருவாக்கிய தறியின் அந்த அட்டை யோசனையைத்தான், பின்னாளில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். அந்த வகையில உங்க கம்ப்யூட்டருக்கு உங்க வீட்டுத் தறி மூத்த சொந்தம். பெரியவங்க ஓய்வெடுக்கிற நேரத்துல சின்னது சத்தம் போடாம இருக்கிறதுதானே மரியாதை? அதுக்கு ஒரு பெரிய, மெதுவான ஃபேன் போதும்!